முழங்கால் தசைநார் கிழிந்தபின்: உருவிவிடுவதா, பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

கோலாலம்பூரின் செந்தூலில், ஐவர் அணிகள் சிறு களத்தில் ஆடும் கால்பந்தான ஃபுட்சால் அரங்கு ஒன்றில் என் தங்கை மகன் விழுந்த இரவில் அவனை யாரும் இடிக்கவில்லை. பந்தை வாங்கி, வலக்காலைத் தரையில் அழுந்த ஊன்றி, இடப்பக்கம் திரும்பினான். உடல் திரும்பியது, பாதம் திரும்பவில்லை, இரண்டுக்கும் நடுவே முழங்கால் உள்நோக்கி மடங்கியது. ஏதோ அறுந்ததுபோல் ‘டப்’ என்று தனக்குக் கேட்டதாகச் சொன்னான். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முழங்கால் இளநீர்க்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் காலைக்குள் மூன்று யோசனைகள் வந்து சேர்ந்தன. நரம்பு பிசகியிருக்கிறது, எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும் என்றார் அவன் பாட்டி. காத்திருந்தால் கால் கெட்டுவிடும், உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றான் உடன் விளையாடும் நண்பன். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, ஒரு வாரம் ஓய்வு போதும் என்று வலி மாத்திரை கொடுத்தனுப்பினார் பக்கத்துக் கிளினிக் மருத்துவர்.

மூவரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் எந்தத் தசைநார் எந்த அளவுக்குக் கிழிந்திருக்கிறது என்பதும், அந்த முழங்காலை நம்பி இனி என்ன வேலை செய்யப்போகிறோம் என்பதும் தெரியாதபோது மூன்று யோசனைகளையும் எடைபோடவே முடியாது. கோலாலம்பூரில் இந்தக் காயத்தோடு வரும் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கடந்த சில ஆண்டுகளில் பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்தில் அச்சத்தால் அவசரப்படுகிறார்கள், வலி அடங்கியதும் நிம்மதியால் மாதக்கணக்கில் தாமதிக்கிறார்கள். இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிழிந்தது எது?

‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று நாம் சொல்லும் ஒரே சொல், முழங்காலுக்குள் இருக்கும் வெவ்வேறு உறுப்புகளைக் குறிக்கிறது. ‘நரம்பு பிசகிவிட்டது’ என்பது இன்னும் குழப்பமானது, ஏனென்றால் பெரும்பாலான நேரங்களில் அங்கே நரம்புக்கு எதுவும் ஆகியிருப்பதில்லை. முழங்காலைக் கட்டிப்பிடித்திருக்கும் முக்கியத் தசைநார்கள் நான்கு. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, மூட்டின் நடுவே பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று கடந்து செல்பவை இரண்டு. நடுவில் உள்ள இரண்டில் முன்பக்கத்தது, விளையாட்டு வீரர்கள் ஏ.சி.எல். என்று சொல்லும் முன் குறுக்குத் தசைநார். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், திரும்பும்போது திருகிக்கொள்ளாமலும் அது பிடித்துவைக்கிறது. இவை போக, இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெனிஸ்கஸ் என்னும் பிறை வடிவக் குருத்தெலும்பு மெத்தைகள் இரண்டு உண்டு. மருத்துவரிடம் ‘ஜவ்வு’ என்று கேட்டு வருபவர்கள், தசைநாரா மெத்தையா, இரண்டுமா என்பதையும் கேட்டு வர வேண்டும், ஏனென்றால் பின்னர் வரும் முடிவுகள் பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தே அமைகின்றன.

ஏ.சி.எல். காயங்களில் பத்துக்கு ஏழளவில் யாரும் மோதாமலேயே நேர்பவை. ஓட்டத்தைச் சட்டென நிறுத்தும்போது, திசை மாறும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது அது அறுகிறது. ஃபுட்சால், வலைப்பந்து, கபடி, பூப்பந்தில் பின்கோட்டுக்குத் தாவி அடித்துவிட்டு இறங்கும் அந்த ஒரு கணம் ஆகியவை இதற்குப் பெயர்போனவை. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகமாக நேர்கிறது என்பதால், பள்ளியில் வலைப்பந்து ஆடும் மகள் ‘முட்டி வழுக்குகிறது’ என்று சொன்னால் அதைப் பயிற்சிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீக்கத்தின் வேகமே வீட்டிலிருந்தபடி கவனிக்கக்கூடிய சிறந்த அடையாளம். ஏ.சி.எல்.லுக்குள் இரத்தக் குழாய்கள் இருப்பதால், அது அறுந்தால் மூட்டுக்குள் இரத்தம் நிறைந்து சில மணி நேரத்திலேயே முழங்கால் பருத்துவிடும். மெத்தை மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் மறுநாள்தான் மெல்ல வீங்கும். உள்பக்கத் தசைநார் மட்டும் இழுபட்டிருந்தால் மூட்டு முழுவதும் வீங்காமல் உள்விளிம்பில் தொட்டால் வலிக்கும் ஓரிடம் இருக்கும், அது பெரும்பாலும் பிரேஸ் எனும் முழங்கால் தாங்குகட்டை அணிந்து சில வாரங்களில் தானே ஆறிவிடும். மோட்டார் சைக்கிளிலிருந்து மடக்கிய முழங்கால் தரையில் மோத விழுந்தவர்களுக்குப் பின்பக்கக் குறுக்குத் தசைநார் கிழிவதுண்டு. அதில் ‘டப்’ ஓசையோ பெரிய வீக்கமோ இல்லாமல், படியிறங்கும்போது மட்டும் கால் நம்பிக்கை தராததுபோல் தோன்றும்.

‘டப்’ ஓசை, சில மணி நேரத்தில் வீக்கம், ஊன்றும்போது கால் விட்டுக்கொடுப்பதுபோன்ற உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், வேறொன்று என்று காட்டப்படும்வரை அதை ஏ.சி.எல். கிழிவு என்றே கருத வேண்டும். எக்ஸ்ரே நன்றாக இருப்பது ஆறுதலுக்குரிய செய்தி அன்று, எக்ஸ்ரேயில் தசைநார் தெரியவே தெரியாது. 55 வயதை எட்டியவர்கள், முழங்காலை 90 பாகைவரை மடக்க முடியாதவர்கள், அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாதவர்கள், முட்டிச்சில்லிலோ வெளிப்பக்கத்துச் சிறிய எலும்பின் தலையிலோ தொட்டால் வலிப்பவர்கள் ஆகியோருக்கு எலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். எக்ஸ்ரே பதில் சொல்லும் கேள்வி அது மட்டுமே.

ஒரு சூழ்நிலையில் எந்த ஒப்பீட்டுக்கும் இடமில்லை. முழங்கால் இடம் பெயர்ந்து கோணலாகத் தெரிந்தாலும், பெயர்ந்து தானாகவே திரும்ப உட்கார்ந்தாலும், பாதம் குளிர்ந்து வெளிறினாலும் மரத்துப்போனாலும், கால்விரல்களை மேலே தூக்க முடியாவிட்டாலும், முழங்காலின் பின்புறம் ஓடும் பெரிய தமனி சேதமடைந்திருக்கக்கூடும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டத்தைச் சீராக்காவிட்டால் காலையே இழக்கும் நிலை வரலாம். 999-ஐ அழைத்து, அவசர சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

உருவிவிடும் வழி

நம் வீடுகளில் முதலில் எழும் யோசனை இதுவென்பதால் இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டப்புறத்தில் மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்த காலத்தில் சுளுக்கெடுப்பவர்தான் எங்கள் பெரியவர்களுக்கு எலும்பு மருத்துவராக இருந்தார். அவர்களின் கைத்திறனையும் அந்த நன்றியையும் நான் மதிக்கிறேன். தசைப்பிடிப்புக்கும் கழுத்து விறைப்புக்கும் நானும் உருவிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஏ.சி.எல். தோலுக்கடியிலோ தசைக்கடியிலோ இருப்பதன்று. அது மூட்டின் நடுமையத்தில், இரண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கிறது, எந்தக் கையும் அதைத் தொட முடியாது. அறுந்த முனைகளைச் சுற்றி மூட்டுத் திரவம் ஓடிக்கொண்டிருப்பதால், வேறிடங்களில் காயத்தை ஒட்டவைக்கும் இரத்தக்கட்டி அங்கே நிலைத்து நிற்பது கடினம், முழுமையாக அறுந்த ஏ.சி.எல். பல நேரங்களில் தானே சேராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தி உருவுவதும் சூடு வைப்பதும் உள்ளே கசியும் இரத்தத்தைக் கூட்டும். மடங்கிய காலை ‘சொடுக்கி’ நீட்டுவது, கிழிந்த மெத்தையின் துண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கும் நிலையில் மேலும் கிழிப்பதற்குச் சமம்.

இந்த வழியின் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: இதில் வலி குறைகிறது. உருவினாலும் உருவாவிட்டாலும், மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி, நடை திரும்பி, ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும். அறுந்த தசைநார் வலிப்பதில்லை. என் தங்கை மகன் அப்படித்தான் மூன்று வாரம் எண்ணெய் போட்டு, நன்றாக நடந்து, வேலைக்குப் போகத் தொடங்கினான். நான்காவது வாரம் எல்.ஆர்.டி. ரயில் நிலையப் படிகளில் இறங்கித் திரும்பும்போது கால் திடீரென்று விட்டுக்கொடுத்து விழுந்தான். பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஏ.சி.எல். முழுமையாக அறுந்திருந்தது மட்டுமல்லாமல், உள்பக்க மெத்தையின் விளிம்பும் கிழிந்திருந்தது. மெத்தை எந்த நாளில் கிழிந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தளர்ந்த முழங்கால் ஒவ்வொரு முறை விட்டுக்கொடுக்கும்போதும் மெத்தைக்கும் குருத்தெலும்புக்கும் புதிய சேதம் வரலாம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்த மூன்று வாரத்தில் அவனை நான் வற்புறுத்தி அழைத்துப்போகவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை உண்டு.

முதல் நாட்களில் வீட்டில் செய்யக்கூடியது எளிது. விளையாட்டை அந்த நொடியே நிறுத்த வேண்டும், ‘ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கிறேன்’ என்பது கூடாது. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, மீள்கட்டால் மிதமாகச் சுற்றி, துணியில் பொதிந்த பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடங்கள் வைத்து எடுக்கலாம், வலி தாங்காவிட்டால் ஊன்றுகோல் பயன்படுத்தலாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே படுத்திருப்பதைத் தவிர்க்க வேண்டும், மடங்கியே பழகிய கால் நீள மறுக்கும்.

கைப்பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும்

அனுபவமுள்ள எலும்பியல் நிபுணரோ விளையாட்டு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ, முழங்காலைச் சற்றே மடக்கிப் பிடித்து கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் பரிசோதனையிலேயே ஏ.சி.எல். கிழிவைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். வீங்கி விறைத்த காலில் முதல் நாள் செய்வதைவிட, வலி தணிந்தபின் ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் செய்து பார்ப்பது தெளிவான பதிலைத் தரும். எம்.ஆர்.ஐ. இன்றியமையாததாவது மெத்தையின் நிலையை அறிவதற்கும் அறுவை சிகிச்சைக்குத் திட்டமிடுவதற்கும். ஆகவே அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. முறைக்குக் காத்திருப்பவர்கள் அதுவரை எதையும் செய்ய முடியாது என்று இருந்துவிட வேண்டியதில்லை, கைப்பரிசோதனை முடிந்ததுமே பயிற்சியைத் தொடங்கலாம். முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமலிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அது மெத்தையின் துண்டு சிக்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம், தைத்துக் காப்பாற்றக்கூடிய மெத்தையைக் காப்பாற்ற நாட்கள் முக்கியம்.

உடனடி அறுவையும் முதலில் பயிற்சியும்

இதுதான் மெய்யான முடிவு. இதில் இரு தரப்பிலும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

அறுந்த ஏ.சி.எல்.லைப் பொதுவாகத் தைத்து ஒட்டவைப்பதில்லை. உடலின் வேறோர் இடத்திலிருந்து, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் ஒன்றை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய தசைநாரின் இடத்தில் புதியதாகப் பொருத்துகிறார்கள். பயிற்சி வழியில், தொடையின் முன்பின் தசைகளையும் இடுப்புத் தசைகளையும் வலுவாக்கி, சமநிலையை மீளக் கற்பித்து, தசைநார் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியைத் தசைகளிடம் ஒப்படைக்கிறார்கள். ‘சும்மா இருப்பது’ என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வாரம் மூன்று நான்கு நாள் வியர்வை சிந்தி மாதக்கணக்கில் செய்ய வேண்டிய உழைப்பு அது.

இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் மூன்றைக் குறிப்பிடுவேன். சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினருக்கு விரைவில் அறுவை செய்தார்கள். மறுபாதியினர் பயிற்சியில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவைக்குப் போனார்கள். இரண்டாண்டு முடிவிலும் ஐந்தாண்டு முடிவிலும் வலி, இயக்கம், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றின் மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் அறுவை செய்துகொண்டார்கள், மறுபாதிக்குத் தேவைப்படவே இல்லை. நெதர்லாந்தில் 167 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்விலும் பயிற்சித் தரப்பில் பாதிப்பேர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். அங்கே விரைவு அறுவை சற்றே முன்னிலை பெற்றது, ஆனால் நோயாளி உணரக்கூடிய அளவுக்கு அந்த முன்னிலை பெரியதா என்பதை ஆய்வாளர்களே ஐயத்தோடுதான் சொன்னார்கள்.

மூன்றாவது ஆய்வு, காயம் பழையதாகி, முழங்கால் இன்னும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும் 316 பேரைப் பற்றியது. பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியானது. அங்கே அறுவை தெளிவாகவே சிறந்த பலனைக் கொடுத்தது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இது: புதிய காயத்தில் பயிற்சியோடு தொடங்குவதால் பெரும்பாலோர் எதையும் இழப்பதில்லை. ஆனால் ஒழுங்கான பயிற்சிக்குப் பிறகும், அல்லது பல மாதங்கள் கடந்தும், கால் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் மேலும் பயிற்சி, மேலும் பயிற்சி என்று இழுப்பது நன்மை தராது.

அறுவை செய்துகொண்டால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு வராது என்று சிலர் நம்புகிறார்கள், சிலர் நம்பவைக்கப்படுகிறார்கள். ஏ.சி.எல். கிழிந்தவர்களில் பலருக்குப் பத்து இருபது ஆண்டுகளில் தேய்வின் அடையாளங்கள் தோன்றுகின்றன, அறுவை அதைத் தடுக்கும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. மெத்தை காப்பாற்றப்பட்டதா என்பதுதான் அதில் பெரிய பங்கு வகிக்கிறது. எனவே தேய்வுக்கு அஞ்சி அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. முழங்கால் மீண்டும் மீண்டும் நழுவி மெத்தையைக் கிழிக்காமலிருக்க அறுவை வேண்டும் என்றால், அது வேறு நியாயம், வலுவான நியாயம்.

அப்படியானால் யாருக்கு எது? நேராக நடப்பதற்கும், படியேறுவதற்கும், சைக்கிள் மிதிப்பதற்கும், நீந்துவதற்கும் ஏ.சி.எல். அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளைப் பால்குடத்தோடு ஏற விரும்பும் நாற்பத்தைந்து வயது அம்மாவுக்கு நல்ல தொடைத் தசை போதும், அறுவை வேண்டியிராது. அதே படிகளில் காவடியோடு ஆடிச் சுழன்று செல்பவருக்குக் கணக்கு மாறுகிறது, அங்கே பாதம் ஊன்றி உடல் திரும்புகிறது. ஃபுட்சால், கபடி, சிலம்பம், வலைப்பந்து ஆகியவற்றுக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற இளைஞர்கள், ஏணியிலும் கூரையிலும் வேலை செய்பவர்கள், மெத்தையும் சேர்ந்து கிழிந்து அதைத் தைக்க வேண்டியவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட தசைநார்கள் அறுந்தவர்கள் ஆகியோர் அறுவையின் பக்கம் சாய்வதற்குப் போதுமான காரணம் இருக்கிறது. அலுவலக வேலை, நடைப்பயிற்சி, உடற்பயிற்சிக்கூடம் என்று வாழ்பவர்கள் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு முடிவெடுப்பதே முறை. எலும்பு வளர்ச்சி முடியாத சிறுவர் சிறுமியர் தனி வகை. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தகட்டைச் சேதப்படுத்தாமல் செய்ய வேண்டியிருப்பதால், அவர்களைக் குழந்தைகளின் எலும்பியல் அறிந்தவரிடம்தான் காட்ட வேண்டும்.

அறுவைதான் என்று முதல் நாளே முடிவானவர்களுக்கும் முதல் சில வாரங்களின் வேலை இதேதான். வீக்கம் வற்றி, முழங்கால் முழுமையாக நீண்டு, தொடைத் தசை விழித்துக்கொண்டபின் செய்யும் அறுவையைவிட, வீங்கி விறைத்த காலில் செய்யும் அறுவைக்குப் பின் மூட்டு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே ‘அடுத்த வாரமே செய்துவிடலாம்’ என்ற அவசரத்தில், மெத்தை பூட்டிக்கொண்டிருந்தாலொழிய, நோயாளிக்கு ஆதாயம் குறைவு. இந்த முதல் சில வாரங்கள் எந்த வழிக்கும் பொதுவான முதலீடு என்று எண்ணினால் குடும்பத்தில் பதற்றம் குறைகிறது.

அண்மைக்காலத்தில் நான்காவதாக ஒரு வழியும் பேசப்படுகிறது. முழங்காலை 90 பாகையில் நான்கு வாரம் பிரேஸில் பூட்டிவைத்து, பின் படிப்படியாக விடுவித்தால், அறுந்த முனைகள் நெருங்கி ஒட்டக்கூடும் என்பது அதன் அடிப்படை. ஆஸ்திரேலியாவில் இந்த முறையில் சிகிச்சை பெற்ற 80 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மூன்று மாதத்தில் எம்.ஆர்.ஐ.யில் ஒட்டியதன் அடையாளம் தெரிந்ததாக 2023-இல் வெளியிட்டார்கள். ஏ.சி.எல். ஒருபோதும் ஆறாது என்ற பழைய நம்பிக்கையை இது அசைத்திருக்கிறது. ஆனால் வேறொரு தரப்போடு ஒப்பிடாத ஆய்வு அது, காயம்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே தொடங்க வேண்டும், காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் கடையில் பிரேஸ் வாங்கி வீட்டில் செய்து பார்க்கும் காரியம் இதுவன்று.

அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும்

மலேசியக் குடிமக்களுக்கு அரசு வெளிநோயாளர் பிரிவில் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட் என்ற கட்டணம், இந்தக் காயத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் பெரிய பேறு. அருகிலுள்ள அரசு கிளினிக்கிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கி கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போகலாம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை காத்திருப்பு. அறுவையின்போது உள்ளே பொருத்தும் திருகுகள், பொத்தான்கள் போன்றவற்றின் செலவை நோயாளி ஏற்க வேண்டியிருக்குமா என்பதையும் தேதி குறிக்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும், கடைசி வாரத்தில் தெரிந்து கடன் தேடி அலைந்தவர்களை நான் அறிவேன். பயிற்சி வழியைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இழப்பே இல்லை, அந்த மாதங்களில் அவர்கள் செய்ய வேண்டியது பயிற்சிதான்.

தனியாரில் எம்.ஆர்.ஐ. அதே வாரம் கிடைக்கும், அறுவைத் தேதியும் விரைவில் கிடைக்கும், செலவோ பல்லாயிரம் ரிங்கிட். அங்கே நான் கவலையோடு கவனிப்பது ஒன்று உண்டு. பல மருத்துவக் காப்பீட்டு அட்டைகள் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் அறுவைக்கு உத்தரவாதக் கடிதம் தருகின்றன, ஆனால் அறுவை இல்லாத பிசியோதெரபிக்குப் பணம் தருவதில்லை, அறுவைக்குப் பிந்திய பிசியோதெரபிக்கும் குறிப்பிட்ட நாட்கள்வரை மட்டுமே தருகின்றன. பிள்ளையின் முழங்காலுக்கு எது நல்லது என்ற கேள்வி, அட்டை எதற்குப் பணம் தரும் என்ற கேள்வியாக அப்படியே மாறிவிடுகிறது. அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதமும் அதற்கு மேலும் பயிற்சி தேவை, அந்தப் பயிற்சிக்கான பணத்தை ஒதுக்காமல் அறுவைக்கு மட்டும் பணம் புரட்டுவது பாதிக் கிணறு தாண்டுவதுதான். அறுவைக்கு முன், ‘எத்தனை முறை பிசியோதெரபி, யாரிடம், என்ன செலவு’ என்று எழுதி வாங்குங்கள்.

வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ விழுந்து முழங்கால் காயப்பட்டவர்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவை மறந்துவிடக் கூடாது. விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைத் தெரிவிக்க வேண்டும், நான்கு நாட்களுக்குக் குறையாத மருத்துவ விடுப்புக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவியாகக் கிடைக்கும். மலாக்காவில் சொக்சோ நடத்தும் மறுவாழ்வு மையத்தில் தகுதியுள்ளவர்கள் முழுநேரப் பயிற்சி பெறலாம். சாலை விபத்தென்றால் போலீஸ் புகார், மருத்துவ விடுப்புச் சான்று, வேலை நேரப் பதிவு ஆகியவற்றின் நகல்களை முதல் வாரத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும்.

எந்த நாணை எடுப்பது

அறுவை என்று முடிவான பிறகு மருத்துவர் கேட்கும் இக்கேள்விக்குப் பலரும் ‘உங்கள் விருப்பம் டாக்டர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுத்தால், இரு முனையிலும் எலும்புத் துண்டு இருப்பதால் அது உறுதியாகப் பிடிக்கும். ஆனால் மண்டியிடும்போது முன்பக்கம் வலி நீடிக்கலாம். கோயிலில் விழுந்து வணங்குபவரும், வாசலில் குனிந்து கோலம் போடுபவரும், மண்டியிட்டு ஓடு பதிப்பவரும் இதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். தொடையின் பின்பக்க நாண்களை எடுத்தால் அந்த வலி குறைவு, ஆனால் காலை ஆழமாக மடக்கும் வலிமையும் வேக ஓட்டமும் சில மாதங்களுக்குத் தளர்ந்திருக்கும். தொடையின் முன்பக்க நாணை எடுக்கும் முறையும் இப்போது பரவிவருகிறது. இறந்தவர் கொடையாக அளித்த நாண் இளைஞர்களிடம் மீண்டும் அறுபடும் வாய்ப்பு அதிகம் என்பதால் இருபது வயதுப் பிள்ளைக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். எந்த நாண் என்பதைவிட, அந்த முறையை அந்த மருத்துவர் அடிக்கடி செய்துவருகிறாரா என்பது முக்கியம்.

ஆறு மாதமும் ஒன்பது மாதமும்

கடைசி முடிவு மைதானத்துக்கு எப்போது திரும்புவது என்பது. இதில்தான் பிள்ளைகள் யார் சொல்லையும் கேட்பதில்லை. புதிதாகப் பொருத்திய நாண் எலும்போடு ஒட்டி, உள்ளே இரத்தக் குழாய்கள் வளர்ந்து, தசைநாராக மாறப் பல மாதங்கள் ஆகின்றன. கால் நன்றாக இருப்பதாகத் தோன்றும் ஆறாவது மாதத்தில் அந்த மாற்றம் முடிந்திருப்பதில்லை. நார்வேயில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில், ஒன்பதாவது மாதம்வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்புபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதே காலிலோ மற்றக் காலிலோ மீண்டும் ஏ.சி.எல்.லைக் கிழித்துக்கொள்கிறார் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. காலண்டர் மட்டும் போதாது. தொடையின் முன்பக்கத் தசை மற்றக் காலின் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும், ஒற்றைக்கால் தாவல்களிலும் அதே அளவு வர வேண்டும், குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்காமல் நேராக நிற்க வேண்டும்.

என் தங்கை மகனுக்கு எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகும் கால் விட்டுக்கொடுத்தது. மெத்தையும் கிழிந்திருந்ததால் அறுவை செய்து, மெத்தையைத் தைத்து, தொடையின் பின்பக்க நாண்களைப் பொருத்தினார்கள். இப்போது ஏழாவது மாதம். சென்ற வாரம் அளந்தபோது தொடையின் முன்பக்கத் தசை மற்றக் காலில் 78 விழுக்காடு இருந்தது. அணியில் ஆள் குறைவதாகச் சொல்லி நண்பர்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அழைத்தார்கள். அவன் என்னிடம், “பெரியம்மா, கோல்கீப்பராக மட்டும் நின்றால் பரவாயில்லையா?” என்று கேட்டான். கோல்கீப்பரும் தாவி ஒற்றைக் காலில்தான் இறங்குகிறார் என்று சொன்னேன். அடுத்த அளவீடு பத்தாவது மாதத் தொடக்கத்தில். அதுவரை அவன் வாரம் நான்கு நாள் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறான், நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.